கிணற்றில் தெரிந்த கரி

அன்றைய நெய்வேலி முந்திரியும் பலாவும் விளைந்த செம்மண் காடு. 1930-களில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கருப்பாக ஏதோ மேலே வந்தது. வேறொருவர் தூர்த்துவிட்டு நகர்ந்திருப்பார். அவர் அரசுக்குத் தெரிவித்தார்.

அதுதான் பழுப்பு நிலக்கரி: கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட காட்டின் எச்சம்.

அதை வெட்டியெடுக்க 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரிப் படுகைக்கு அடியிலிருந்து அழுத்தத்தோடு பொங்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்த பிறகே, 1961-இல் கரி வெயிலைக் கண்டது.

சுரங்கத்துக்காக முதலியார் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் கொடுத்தார். சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள் வீடு, வயல், குலதெய்வக் கோயில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். அந்த ஊர்களின் பெயர்களை நெய்வேலியில் உள்ள பெரியவர்களிடம் கேட்டறியுங்கள்.