எடைக்குப் போடும் முன்…

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போனவர்கள் கூட்டத்தைத்தான் பார்த்திருப்பார்கள். கடை அடைக்கும் நேரத்தில் கொஞ்சம் தரையையும் பார்க்க வேண்டும். புடவை மடிப்புக்குள் வந்த அட்டை, பெயர் அச்சிட்ட லேபிள், அறுந்த ஜரிகை, தையல் கடையில் வெட்டித் தள்ளிய பிட்டுத் துணி எல்லாம் தெருவோரம் குவிந்திருக்கும். காலையில் குப்பை வண்டி அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விடும். உள்தெருக்களில் பழைய பேப்பர் கடைகள் இருக்கின்றன. அந்தத் தராசுக்கு நாவலும் ஒன்றுதான், பத்தாம் வகுப்பு நோட்ஸும் ஒன்றுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியமர்ந்து வளர்ந்த பகுதி இது. துணியும் தாளும் இவ்வளவு புழங்கும் இடத்தில், அவற்றை வெட்டி ஒட்டித் தைத்துப் படமாக்கும் கலை வீட்டுக்கு வீடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தாள், துணி, நூல், வண்ணம் எனப் பலவற்றைச் சேர்த்துச் செய்யும் படத்தைக் கொலாஜ் என்கிறோம். அச்சான பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் பக்கங்களிலேயே ஒட்டியும் வெட்டியும் வரைந்தும் வேறொரு புத்தகம் ஆக்குவது அதற்கு அடுத்த படி. அதை ‘ஆல்டர்டு புக்’ என்கிறார்கள். நாம் மாற்றுப் புத்தகம் என்று சொல்லலாம். இரண்டுக்கும் வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த சாமான்களை வரவழைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கையில் மைதாவும் கத்தரிக்கோலும் இருந்தாலே தொடங்கிவிடலாம்.

நம் வீட்டில் இருந்ததுதான்

தஞ்சாவூர் ஓவியம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். பலகை மேல் துணியை ஒட்டுகிறார்கள். அதன் மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்து பூசுகிறார்கள். மக்கு வைத்துப் புடைப்பு எழுப்பி, கண்ணாடிக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில்தான் வண்ணம் தீட்டுகிறார்கள். வண்ணத்தோடு பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே தேடுவது?

ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, சாமி படங்கள் மலிவு விலையில் வீடுகளுக்கு வந்தன. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் அந்த அச்சுப் படங்களை அப்படியே மாட்டி வைக்கவில்லை. லட்சுமியின் புடவை மேல் நிஜத் துணியை வெட்டி ஒட்டினார்கள். நகைகளுக்கு மணியும் ஜிகினாவும் வைத்தார்கள், கரைக்கு ஜரிகை தைத்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய சாமி படங்களைப் புரட்டும்போது இப்படி உடுத்திய படங்களும் கண்ணில் படும். அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த படம், ஒரு வீட்டின் கைபட்டதும் அந்த வீட்டுக்கே உரிய படமாகிவிட்டது.

மாற்றுப் புத்தகத்துக்கும் நம்மிடம் முன்னோடி உண்டு. பைண்டு செய்த தொடர்கதையைத்தான் சொல்கிறேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு வார இதழில் தொடராக வந்தது. வீட்டில் எல்லாரும் படித்து முடித்ததும், இதழின் பின்னைக் கழற்றித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து வைப்பார்கள். கடைசி அத்தியாயம் வந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ துணி ஒட்டி, முதுகில் பெயர் எழுதி வாங்குவார்கள். பின்னாளில் பல தொடர்கதைகள் ஓவியங்கள் இல்லாமலே நூலாக வந்தன. வீட்டுத் தொகுப்பில் ஓவியம் இருந்தது. பக்கத்தின் மறுபுறத்தில் சோப்பு விளம்பரமும் பாதித் துணுக்கும் அந்தக் காலத்தையே ஒட்டிக்கொண்டு வந்தன. எந்தப் பதிப்பகமும் வெளியிடாத, ஒரே ஒரு பிரதி மட்டுமே உள்ள புத்தகம் அது. அதைத் தொகுத்தவர்களைக் கலைஞர்கள் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மற்றவர்கள் போன வழி

இங்கிலாந்தில் மேரி டெலனி என்ற பெண்மணி, தம் 72-ஆவது வயதில் வண்ணத் தாளை வெட்டிக் கறுப்புத் தாள் மேல் ஒட்டிப் பூக்களைச் செய்யத் தொடங்கினார். 1770-களில் தொடங்கிய அந்த வேலை, கண் பார்வை மங்கும்வரை நடந்தது. அவர் செய்த ஏறத்தாழ ஆயிரம் பூக்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1912-இல் பிக்காசோ, நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஓவியத்தில் ஒட்டி, ஓரத்தில் கயிற்றைச் சுற்றினார். நவீன ஓவியத்துக்குள் கொலாஜ் நுழைந்தது அப்படித்தான்.

மாற்றுப் புத்தகம் என்றாலே சொல்லப்படும் பெயர் டாம் பிலிப்ஸ். 1966-இல் லண்டனில் மூன்று பென்ஸுக்கு 1892-ஆம் ஆண்டு நாவல் ஒன்றை வாங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு மீதியை வண்ணத்தால் மூடினார். மிஞ்சிய சொற்கள் புதுக் கதை சொல்லின. ‘எ ஹ்யூமுமென்ட்’ என்ற அந்தப் படைப்பைத் திருத்தித் திருத்தி, 2016-இல்தான் இறுதிப் பதிப்பைக் கொண்டுவந்தார். மூன்று பென்ஸ் புத்தகத்தோடு அரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறார்.

இந்தியாவில் சி.கே. ராஜன் 1990-களில் பத்திரிகைப் படங்களை வெட்டிச் சின்னச் சின்னத் தாள்களில் கொலாஜ் செய்தார். தாராளமயம் வந்த புதிதில் விளம்பரங்கள் காட்டிய நாட்டையும் கண்ணெதிரே இருந்த நாட்டையும் ஒரே தாளில் மோதவிட்ட படங்கள் அவை. கான்வாஸ் இல்லை, தூரிகை இல்லை. 2007-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சிவரை அவை போயின.

எதை வெட்டலாம்?

காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். சரஸ்வதி பூஜையன்று அதற்குப் பொட்டு வைக்கிறோம். புத்தகத்தைக் கத்தியால் வெட்டச் சொன்னால் மனம் பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன், அது இருப்பதே நல்லது. ஆனால் எடைக்குப் போட்ட புத்தகம் காகித ஆலையில் கூழாகிறது. கூழாகப் போவதை எடுத்து நாலு பேர் பார்க்கும் பொருளாக்குவது அவமரியாதை ஆகாது.

ஆனால் போனால் திரும்பக் கிடைக்காத, வெட்டக் கூடாதவையும் உண்டு. 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் வடசென்னையின் பல தலைமுறைகள் பழைய புத்தகம் வாங்கின. 1985 மே மாதம் அது எரிந்தபோது சாம்பலானவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவை எத்தனை என்று யார் அறிவார்? அப்படி அழியவிடாமல் காத்தவரும் உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸையும் அழைப்பிதழையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று அது தரமணியில் இயங்குகிறது. பிறர் குப்பை என்று ஒதுக்கிய தாள்தான் இன்றைய ஆய்வாளருக்குச் சான்று.

ஆகவே கத்தியை எடுக்கும் முன் முதல் பக்கத்தைப் பாருங்கள். 1960-க்கு முந்தைய பதிப்பு, சிறு அச்சகம் போட்ட பாட்டுப் புத்தகம், சந்தையில் மலிவாக விற்ற குஜிலி நூல், கையெழுத்துக் குறிப்பு உள்ள பிரதி, ஊர் வரலாறு ஆகியவற்றை வெட்டாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பிரதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் நூலகத்திடம் கேளுங்கள். காலாவதியான வழிகாட்டி, நோட்ஸ், சட்டக் கையேடு, டைரி, கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் ஆங்கில நாவல் ஆகியவற்றில் தயங்காமல் கை வைக்கலாம்.

செய்யும் விதம்

தையல் பைண்டிங் உள்ள கெட்டி அட்டைப் புத்தகமாகத் தேர்ந்தெடுங்கள். பசையால் மட்டும் ஒட்டியது பாரம் தாங்காமல் பிரிந்துவிடும். உள்ளே ஒட்ட ஒட்டப் புத்தகம் உப்பும். அதனால் ஒவ்வொரு மடிப்பிலும் நடுவிலிருந்து இரண்டு மூன்று தாள்களை முதலிலேயே எடுத்துவிடுங்கள். மிச்சமுள்ள தாள்களில் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒட்டினால் அட்டை போல விறைப்பு வரும். ஈரம் காயும்வரை இடையில் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடி, மேலே அம்மிக் குழவியோ கனமான பலகையோ ஏற்றி வையுங்கள். எழுத்து தெரியாமல் மூட வேண்டுமானால் சாக் பவுடரையும் ஃபெவிகாலையும் நீர்க்கக் கலந்து மெல்லப் பூசலாம்.

தாளுக்கு மைதாப் பசை போதும். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்ச வேண்டும். சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் பைண்டர்களும் பூச்சி வராதிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். குழந்தைகள் உட்காரும் மேஜையில் வேண்டவே வேண்டாம். அன்றைய பசையை அன்றே காய்ச்சிக்கொள்வது நல்லது. துணி, பொத்தான், ஜரிகைக்கு ஃபெவிகால்தான் பிடிக்கும்.

கடை பில்லும் மெட்ரோ ரயில் டிக்கெட் சீட்டும் வெப்பத்தில் அச்சாகும் தாள்கள். சில ஆண்டுகளில் எழுத்து மறைந்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். தாத்தாவின் புகைப்படத்துக்கும் இதுதான் விதி: மூலம் பெட்டியில், நகல் புத்தகத்தில். இன்க்ஜெட் பிரிண்டில் பசை பட்டால் மை கசியும், ஜெராக்ஸில் கசியாது.

டாம் பிலிப்ஸ் செய்த சொல் தேர்வைத் தமிழில் செய்து பார்த்தால் ஒரு வசதி தெரியும். நம் வினைச்சொல் ஒன்றே முழு வாக்கியம். ‘வந்தாள்’, ‘மறந்துவிட்டேன்’ என்று பக்கத்தில் நாலைந்து வினைகளை மட்டும் விட்டு மீதியை மூடினாலே கதை தொடங்கிவிடும். ஆங்கிலப் பக்கத்தில் இதற்கு நிறையச் சொற்களைக் கோக்க வேண்டும்.

முக்கியமானது, புத்தகமும் அதில் ஏற்றும் பொருளும் ஒன்றோடொன்று பேச வேண்டும். உதாரணமாக, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. பழைய ரயில்வே காலஅட்டவணை ஒன்று கிடைத்தால் அதை ராயபுரத்தின் கதையாக்கலாம். பள்ளி அட்லஸின் கடல் பக்கங்களில் காசிமேட்டு வலைத் துண்டைத் தைக்கலாம். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பம் என்றால் தீப்பெட்டிப் படங்களே போதும். அந்த ஆலையின் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராக நிற்கிறது. கணக்கு வழிகாட்டியில் பாட்டியின் மீன் குழம்பு அளவுகளை எழுதி, பக்கத்தில் அவர் புடவைத் துண்டை ஒட்டலாம்.

காற்றும் பூச்சியும்

வடசென்னையில் கடற்காற்றின் ஈரம் தாளுக்குப் பகை. மைதாப் பசை முழுக்கக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், ராமபாணப் பூச்சி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையைத் தொடங்காமல், வெயில் காலத்தில் செய்து நிழலில் காயவிடுங்கள். முடிந்ததும் தரைமட்ட அலமாரியில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அவசியம்.

வடசென்னையைப் பற்றிச் சினிமா நிறையப் பேசியிருக்கிறது. பெரும்பாலும் கத்தியும் சண்டையும்தான். இங்குள்ள குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதற்கான சான்று அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் இருக்கிறது. மில் அடையாள அட்டை, இன்லண்ட் கடிதம், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, துணிக்கடை அட்டைப் பெட்டி மூடி. அவற்றின் நகல்களை ஒரு புத்தகத்தில் முறையாக ஒட்டி, கீழே யார், எந்த ஆண்டு என்று எழுதி வைத்தால், அது கலைப்பொருளாகவும் இருக்கும், இந்தப் பகுதியின் வரலாறாகவும் இருக்கும். இரண்டையும் செய்ய வீட்டில் இருப்பவர்களைவிடத் தகுதியானவர்கள் வேறு யாரும் இல்லை.

அடுத்த முறை பழைய பேப்பர்காரர் வாசலில் வரும்போது கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அரிய நூல் இருந்தால் நூலகத்துக்கு அனுப்புங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை உங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். மீதியை எடைக்குப் போடுங்கள்.