பவளப் பாறையில் மேயும் மீன்

விழுப்புரத்தை அடுத்துப் பம்பை யாற்றங்கரையிலுள்ள திருவாமாத்தூர், ஆவினங்களுக்குத் தாயான ஊர் என்னும் பொருளுடையது. கொம்பில்லாதிருந்த பசுக்கள் அங்கு ஈசனை வழிபட்டுக் கொம்பு பெற்றன என்பது தலபுராணம். மேய்ந்துண்ணும் பிராணிக்குத் தற்காப்பு இன்றியமையாதது. கடலிலும் அவ்வாறு மேய்ந்து பிழைக்கும் ஒரு மீனினம் உண்டு. அதன் ஆயுதமோ வாலடியில் அமைந்துள்ளது.

இதனை ஆங்கிலத்தில் ஸர்ஜன் மீன், அதாவது ரணவைத்திய மீன், என்பர். வாலடியின் இருபுறமும் சத்திரக் கத்தி போன்ற கூரிய முள் இருப்பதே இப்பெயருக்குக் காரணம். பல வகைகளில் இம்முள் ஒரு பள்ளத்தில் மடிந்து கிடந்து, வாலை வளைக்கும்போது வெளிப்படும். ஆகையால் வலையினின்று இம்மீனை எடுப்போர் வாலடியைப் பற்றலாகாது.

இவ்வினத்தில் எண்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள. உஷ்ணப் பிரதேசக் கடல்களில், வெயில் ஊடுருவும் ஆழமில்லாத பவளப் பாறைகளே பெரும்பாலானவற்றின் உறைவிடம். விழுப்புரம் ஜில்லாவின் மணற்கரை அவற்றுக்கு ஏற்றதன்று. தமிழ்நாட்டில் அவற்றுக்கு உகந்த இடம், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த பாறைகளாம்.

இம்மீனின் உடல் தட்டையானது, வாய் சிறியது, பற்கள் உளி போன்றவை. பெரும்பாலான வகைகள் பகல் முழுதும் பாறைமேற் படர்ந்த பாசியைக் கறித்துத் தின்னும். சில வகைகளின் இரைப்பை தடித்து, கோழியின் அரைவைப் பையைப்போல மணலைக்கொண்டு இரையை அரைக்கும். செங்கடலிலுள்ள ஒரு வகையின் குடலில், கண்ணுக்கே புலப்படுமளவு பெரிய நுண்ணுயிர் இருப்பது 1985-ல் வெளியாயிற்று. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலைச் செரிக்க உதவுவதுபோல இதுவும் உதவுகிறதென்று கருதப்படுகிறது.

பல வகைகள் அந்திவேளையில் திரளாகக் கூடி முட்டையிடும். கண்ணாடி போன்ற குஞ்சுகள் பல வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து, பின்னரே பாறையை அடையும். சில வகைகள் 30 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும்.

இம்மீனால் விளையும் நன்மை களையெடுப்பேயாம். பவளப் பூச்சியின் இளம் உயிர்கள் வெறும் பாறையில்தான் பற்றி வளரும்; பாசி அடர்ந்து மூடின் அவற்றுக்கு இடமில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகவும் சூடேறியதால் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளிறின, பல மடிந்தன. மடிந்த பவளத்தின்மேல் முதலில் படர்வது பாசியே. அத்தருணத்தில் மேயும் மீன்கள் போதிய அளவில் இருந்தாலன்றிப் பாறை மீண்டும் தழைப்பது அரிது.

இத்தீவுப் பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. 2001 முதல் பவளம் எடுத்தலும் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. எனினும் பவளத்தைக் காப்பது மட்டும் போதாது. அதன்மேல் மேயும் மீனையும் காத்தல் வேண்டும். களை மண்டிய வயலில் நாற்றுத் தேறாதென்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. கடலடியிலுள்ள விளைநிலத்துக்கும் அதுவே நியதி.