பாதைக்கும் உரிமை உண்டு



பாதையில் கிடந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். முள்ளை அகற்றச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, நாமே பிறருக்கு முள்ளாகலாமா?

வாகனத்தில் செல்பவர், நடந்து செல்பவருக்கு முதலில் ஸலாம் உரைக்க வேண்டும் என்பது நபிவழி. வலிமை உள்ளவரே முதலில் பணிய வேண்டும் என்ற பாடம் இதில் உண்டு. அவ்வாறே, கார் ஓட்டுபவர் மிதிவண்டிக்காரருக்கும், மிதிவண்டிக்காரர் பாதசாரிக்கும் விட்டுக்கொடுப்பதே பண்பாகும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரே வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடுகிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மிதிவண்டியில் செல்லும் மாணவனுக்கோ எந்தக் கவசமும் இல்லை. எனவே போதிய இடைவெளி விட்டு முந்துங்கள். அருகில் வந்து ஹாரனை அலறவிடாதீர்கள். காரை நிறுத்தியதும் கதவை இடக்கையால் திறந்து பழகுங்கள். ஓட்டுநரின் உடல் தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

மிதிவண்டி ஓட்டுபவருக்கும் பொறுப்பு உண்டு. இடப்புறமாகவே செல்ல வேண்டும், எதிர்த்திசையில் வரலாகாது. திரும்புமுன் கையால் சைகை காட்ட வேண்டும். பெற்றோர்களே! மஃரிபுக்குப் பின் ஓதச் செல்லும் உங்கள் பிள்ளையின் வண்டியில் விளக்கும், பின்புறம் ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்புப் பட்டையும் உள்ளனவா என்று இன்றே பாருங்கள். உரிமம் பெறாத சிறுவனிடம் பைக் சாவியைத் தராதீர்கள். அவன் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்கிறது 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம்.

ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று பறக்காதீர்கள். தொழுகைக்கு ஓடி வராமல் நிதானமாக வருமாறு பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். பள்ளிவாசல் முன் பாதையை அடைத்து வண்டியை நிறுத்தினால், மிதிவண்டியில் வருபவர் நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறார். நம் வணக்கம் பிறர் உயிருக்கு ஆபத்தாகலாமா?

விபத்து நடந்தபின் "எல்லாம் விதி" என்று சொல்லி நாம் தப்பிவிட முடியாது. தவறுதலாக ஓர் உயிர் பறிபோனாலும் அதற்கு இழப்பீடும் பரிகாரமும் உண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கிறது. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். வேண்டுமென்றே செய்யவில்லை என்பதால் பொறுப்பு நீங்கிவிடவில்லை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

நம் கையாலும் நம் வாகனத்தாலும் பிறர் துன்புறாமல் வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.