வீடு வாங்குவோரும் வலய விதியும்

ஒருவர் கொழும்பிலோ அதனை அடுத்த நகரொன்றிலோ மூன்று குடும்பங்கள் குடியிருக்கத்தக்க வீடொன்றை வாங்க எண்ணுகின்றார். ஒரு பகுதியில் தாம் வாழ்ந்து, ஏனைய இரண்டின் வாடகையால் வங்கிக் கடனைத் தீர்க்கலாம் என்பது அவர் கணக்கு. நொத்தாரிசு உறுதியை ஆராய்ந்து குறையில்லை என்கின்றார். இது போதுமா? போதாது. நிலம் யாருக்குரியது என்பதையே உறுதி கூறும். அந்நிலத்தில் யாது செய்யலாம் என்பதை அது கூறாது.

பின்னதைக் கூறுவது நகரத் திட்டமாகும். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1946 ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும் இதற்கு அடிகோலின. பின்னர் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பெற்றது. நகரை வலயங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வகைக் கட்டடம் எழலாம், எத்துணைத் திறந்தவெளி விடப்படல் வேண்டும் என வரையறுப்பது திட்டத்தின் பணி. குடிநீரும் வடிகாலும் தெருவும் தாங்கும் அளவுக்கு மேற் குடிகள் பெருகலாகாது என்பதே இதன் நோக்கம்.

ஆதலின், முற்பணம் கொடுக்குமுன் மூன்றினை அறிதல் வேண்டும். முதலாவது, அந்நிலம் எவ்வலயத்தைச் சார்ந்தது, அங்கே பல குடும்ப வீட்டுக்கு இடமுண்டா என உள்ளூராட்சி மன்றத்தில் வினவுக. இரண்டாவது, வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பெறுக. தெருவை அகலிக்கும்போது முற்றத்தில் எவ்வளவு போகும் என்பதை அது காட்டும். மூன்றாவது, அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தையும் இணக்கச் சான்றிதழையும் வீட்டோடு ஒப்பிடுக. வரைபடத்தில் ஒரு சமையலறையும் வீட்டில் மூன்றும் இருப்பின், அனுமதியின்றிப் பிரித்தனரோ என ஐயுறல் தகும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே விற்கும் எண்ணமிருப்பின், தொடர்மாடி உடைமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தையும் கவனித்தல் வேண்டும்.

"நெடுநாளாக மூன்று குடும்பங்கள் இருக்கின்றனவே" என விற்பவர் கூறலாம். வழக்கம் அனுமதியாகாது. நகர அபிவிருத்திப் பிரதேசத்திற் கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். மீறின், பழைய நிலைக்கு மீட்குமாறோ இடிக்குமாறோ கட்டளை பிறத்தல் கூடும். அப்பொழுது விற்றவர் பணத்தோடு அகன்றிருப்பார். வாடகை நின்றுபோகும், கடன் நில்லாது. வாடகைக்கு இருந்த ஏழைக் குடும்பங்களும் தெருவுக்கு வரும்.

ஆழமறியாமற் காலை விடாதே என்பர். வாழ்நாட் சேமிப்பைக் கொடுக்கப் புகுமுன், சபை அலுவலகத்தில் ஒரு காலைப் பொழுதைச் செலவிடுதல் வீணன்று.