ஆற்றுப்படை நூல்களில் ஆயத்த நிலக்களங்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மேசையில் ஆடப்பெறும் கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் காடும் மலையும் முன்கூட்டியே எழுதப்பட்ட நிலக்களங்களாக நடத்துநருக்குக் கிடைக்கின்றன. அவற்றின் அமைப்பையும் பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்கள் வழியை விவரிக்கும் முறையையும் ஒப்பிட்டு, தொண்டை நாட்டுக் கொரட்டூர் ஏரிக்கு அம்முறை பொருந்துமாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, மலைபடுகடாம், கருப்பொருள், நிலக்களம், கொரட்டூர்.

விளையாட்டில் நிலம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கிய 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. நிலவறைகளுக்கு வெளியே பயணம் செய்வதற்கு, அவலான் ஹில் நிறுவனத்தின் 'அவுட்டோர் சர்வைவல்' என்னும் வேறொரு விளையாட்டின் வரைபடத்தையே அது பரிந்துரைத்தது. அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்ட அவ்வரைபடத்தில் ஆடுவோர் கட்டம் கட்டமாக நகர்வர். வழி தவறும் வாய்ப்பு நிலத்தின் தன்மைக்கேற்ப மாறும்; அதனைப் பகடை முடிவு செய்யும். எதிர்ப்படுவோர் பகைவரா நண்பரா என்பதற்கும் பகடையே சான்று. 1977இல் ஜட்ஜஸ் கில்ட் வெளியிட்ட 'வைல்டர்லேண்ட்ஸ் ஆஃப் ஹை ஃபேண்டஸி', 1981இல் டேவிட் குக், டாம் மோல்ட்வே ஆகியோர் எழுதிய 'தி ஐல் ஆஃப் டிரெட்' ஆகியவை இவ்வகை ஆயத்த நிலக்களங்களுள் பெயர் பெற்றவை. பின்னதில் ஆடுவோர் கையில் தரப்படுவது தீவின் கரையோரம் மட்டும் வரையப்பட்ட படம். உள்நாட்டை அவர்களே நடந்து நிரப்ப வேண்டும்.

பட்டியலும் வழியும்

இதனைத் தமிழ் மரபோடு ஒப்பிட முனைவோர் தொல்காப்பியத்தின் கருப்பொருள்களையே முதலில் நாடுவர். தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என அமையும் அவ்வரிசை, விளையாட்டு நூல்களின் அட்டவணைகளைப் போலவே தோன்றும். ஆயினும் அவ்வொப்புமை மேலோட்டமானது. குறிஞ்சிக்கு இன்ன பறவை, இன்ன மரம் என்று கட்டமிட்டுக் கற்பிக்கும் நம் வகுப்பறை வழக்கமும் அதே குறையை உடையது. அட்டவணை ஒரு நிலத்தில் இருப்பவற்றைச் சொல்லும்; அங்கு நடப்பவனுக்கு நேர்வதைச் சொல்லாது. அதனைச் சொல்பவை ஆற்றுப்படைகள்.

583 அடிகளில் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் இதற்குத் தலைசிறந்த சான்று. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் குழுவினர்க்கு வழி சொல்கிறான். விளைநிலத்தை அழிக்கும் பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியை இருளில் கடவாது விடியும்வரை பொறுக்க வேண்டும். பாம்புறையும் குழிகளைக் கருத்தூன்றிக் கண்டு விலக வேண்டும். புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு மரங்களின் பின்னே மறைய வேண்டும். பாசி படர்ந்து கால் வழுக்கும் இடங்களில் மூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிக்கொண்டு கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் இடம், இடர், இடரின் காரணம், தப்பும் வழி ஆகிய நான்கும் ஒருங்கே அமைகின்றன. பொறியும் கவண்கல்லும் வழிப்போக்கரைக் குறிவைத்தவை அல்ல என்பதும் நோக்கத்தக்கது. உழவின் காவலே அறியாதவனுக்கு இடராகிறது. விளையாட்டு நிலக்களங்கள் பலவற்றில் பொறி எதற்காக வைக்கப்பட்டது என்ற வினாவுக்கே விடை இராது.

வழி தவறுதலுக்கும் இந்நூலில் பகடை இல்லை, செயல் உண்டு. குறவரே மயங்கும் குன்றில் திசை தப்பினால், அகன்ற பாறையில் ஒன்றுகூடி இசைக்கருவிகளை ஒலிக்க வேண்டும். அவ்வொலி கேட்டு மலைவாழ்நர் வந்து உதவுவர். கூத்தரின் தொழிற்கருவியே அவர்தம் மீட்புக்கருவி. வழிகள் பிரியுமிடத்தில், தமக்குப்பின் வரும் புதியவர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்துவைக்கவும் கூறப்படுகிறது. இந்த ஒரு குறிப்புக்காகவே இந்நூலை விளையாட்டு நடத்துநர் எவரும் படிக்கலாம்.

சிறுபாணாற்றுப்படை 269 அடிகளே உடையது. அதன் களங்கள் இன்னும் செறிவானவை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்கள் வருகின்றன. முதலாவதில் தேறலும் உலர்ந்த குழல்மீன் சூடும், இரண்டாவதில் புளிச்சோறும் ஆமான் சூடும், மூன்றாவதில் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். உணவைக் கொண்டே நிலம் மாறியதைப் பாணன் அறிவான்.

தொண்டை நாட்டில் ஓர் இடம்

பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்குச் செல்லும் வழியைக் கூறுவது. உமணரின் வண்டிகள், மிளகுப்பொதி சுமக்கும் கழுதைகள், வில்வீரர் காக்கும் சுங்கப் பெருவழி ஆகியவை அதன் களங்கள். அதே தொண்டை நாட்டைச் சார்ந்த கொரட்டூருக்கு இம்முறையில் ஒரு நிலக்களம் எழுதினால் எவ்வாறு அமையும்?

அம்பத்தூர் ஏரியின் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரத்து இரட்டை ஏரிக்கும் செல்வது பழைய நீர்வழி. ஆகவே களம் ஓர் ஏரியன்று. மூன்று ஏரிகளின் தொடர். வேனிலில் நடக்கத்தக்க தடம் மழைக்காலத்தில் கலங்கல் வழிந்தால் மூடப்படும் என்று முதலில் குறிக்க வேண்டும். கழனிகள் போய் மருதத்தின் உரிமக்கள் பெயர்ந்தபின் மதகின் நிலையை வழிப்போக்கனுக்குச் சொல்வார் யார் என்பது அடுத்த வினா. கரையில் காலைநடை செல்வோரும், ஏரியைக் காக்க முன்வந்த ஊர் மக்களும் அவ்விடத்திற்கு வருவர். ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற செய்தி. எனவே இக்களத்தின் இடர் முதலையோ பாம்போ அன்று, நீரேயாகும். அதன் காரணம் மேலேயுள்ள நீர்வரத்தில் இருப்பதால், ஆடுவோர் தப்பும் வழியைக் கொரட்டூர்க் கட்டத்திற்குள் தேடிப் பயனில்லை. நீர்வழியே எதிரேறி அம்பத்தூர்க் கட்டத்திற்குள் நுழைய வேண்டியிருக்கும்.