கோலார்த் தாத்தா

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், புதுக்கோட்டையில் நமது வகுப்புப் பிள்ளைகளிடம், "வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு உங்கள் முன்னோர்களின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை எழுதி வாருங்கள்" என்று சொன்னோம். மறு நாள் நாற்பது காகிதங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றில் மட்டும் பெயருக்கு உரிய இடம் வெறுமையாக இருந்தது. அதன் எதிரே, "கோலார்த் தாத்தா. தங்கச் சுரங்கத்துக்குள் இறந்து போனார்" என்று எழுதியிருந்தது.

அன்று மாலையே அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். அவனுடைய பாட்டி, வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

"வாத்தியாரய்யா, அவர் என் அம்மாவைப் பெற்றவர். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அம்மா அவருக்கு இலை போடுவாள். யுவ வருஷம் இதே நாளில் பாறை வெடித்துப் போய்விட்டார் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அழுவாள். பெயரையும் சொல்லித்தான் இருப்பாள். நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை" என்றார்.

சொல்லும்போதே அவர் கண்கள் கலங்கின. நமக்கோ அவருடைய வார்த்தைகளில் ஒரு பிடி கிடைத்தது.

தமிழ் வருஷங்கள் அறுபது. ஒரே பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். யுவ வருஷம் 1875-லும், 1935-லும், 1995-லும் பிறந்தது. ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாருக்கு வந்ததே 1880-ஆம் ஆண்டில்தான். 1995-லோ பாட்டியே பேரன் பேத்தி எடுக்கும் வயதை நெருங்கிவிட்டார். ஆகவே எஞ்சி நிற்பது 1935 ஒன்றே. அவ்வருஷத்து ஆடி அமாவாசை ஜூலை மாதக் கடைசியில் வந்தது. தேதி தெரியாத ஒரு மரணத்துக்குப் பாட்டியின் தாயார் தந்த சாட்சியைக் கொண்டே ஆண்டும் மாதமும் கண்டுவிட்டோம்!

கோலார் தங்கவயல் மைசூர் ராஜ்யத்தில் இருந்தது. ஆனால் பூமிக்குள் இறங்கிக் கல் உடைத்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து சென்ற ஏழைத் தமிழர்கள். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-லேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது. இயந்திரங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வசதி செய்தவர்கள் மனிதர்களுக்கு என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. சுரங்கம் பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. அத்தனை ஆழத்தில் மேலேயுள்ள பாறையின் பாரம், தோண்டிய வெற்றிடத்தை நாலா பக்கமும் நெருக்கும். தாங்க மாட்டாத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே தரையில் வீடுகள் அதிரும்போதே, கீழே இறங்கியவர்களின் பெண்டு பிள்ளைகளுக்கு நெஞ்சு பதறும்.

சுரங்கத்தில் மாண்டவரின் வம்சத்தைத் தேடும் வேலை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டிலும், நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்த பாட்டனாரைத் தேடும் குடும்பங்கள் அநேகம். 1913-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி செங்கனித் என்ற ஊரில் நிகழ்ந்த ஒரே வெடிவிபத்தில் 439 தொழிலாளிகள் மடிந்தார்கள். சுரங்க மானேஜருக்குக் கோர்ட்டார் விதித்த அபராதம் 24 பவுன்! ஏழையின் உயிர் எங்கும் மலிவுதான். அதில் வெள்ளையர், கறுப்பர் என்ற பேதம் இல்லை.

எனினும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே 1837 முதல் ஜனன மரணப் பதிவும், பத்தாண்டுக்கொரு குடிமதிப்பும், சுரங்கப் பரிசோதகர்களின் அறிக்கைகளும் தேடுவோருக்குத் துணை நிற்கின்றன. அவர்களுடைய கஷ்டமெல்லாம் பெயரில்தான். ஊருக்கு நூறு ஜோன்ஸ்கள், நூறு டேவிஸ்கள்! பழைய வேல்ஸ் மக்களுக்கும் நம்மைப் போலத் தகப்பன் பெயரே அடையாளமாக இருந்தது. 'ஆப்' என்றால் மகன். ரீஸ் என்பவரின் மகன் 'ஆப் ரீஸ்'. நாளடைவில் அது தேய்ந்து 'பிரைஸ்' என்று குடும்பப் பெயராகிவிட்டது.

இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்தார். பிறகு உள்ளே போய்ப் பரண்மேலிருந்த பித்தளைக் குடம் ஒன்றை இறக்கச் சொன்னார். அவருடைய தாயார் கலியாணத்துக்கு வந்த சீர்க்குடம் அது. புளி போட்டுத் துலக்கியதும், கழுத்தருகே தாயாரின் பெயர் வெட்டியிருப்பது தெரிந்தது. பெயருக்கு முன்னே ஓர் எழுத்து: 'மு.'

முனுசாமியோ, முருகனோ, முத்துவோ! கோலார்த் தாத்தாவின் பெயரில் இவ்வுலகில் மிஞ்சியது அந்த ஓர் எழுத்துத்தான். பாட்டி அதை விரலால் தடவிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஓர் எழுத்தும் ஓர் ஆண்டும் கிடைத்த பின் தேடுவதற்கு வழி பிறக்கிறது. மைசூர் ராஜ்யத்தின் பழைய தஸ்தாவேஜுகள் பெங்களூரில் உள்ள கர்நாடக அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அயோத்திதாச பண்டிதர் 1907-ல் சென்னையில் ஆரம்பித்த 'தமிழன்' பத்திரிகை பின்னர் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. அங்கிருந்த தமிழரின் வாழ்வை அறிய அதுவும் உதவும். கிறிஸ்தவக் குடும்பமாயின் கோயில் புஸ்தகங்களில் ஞானஸ்நானமும் அடக்கமும் பதிவாகியிருக்கும். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கம்பெனியார் விரும்பியது அவர்களுடைய கைரேகையை. நாம் தேடுவது அவர்களுடைய பெயரை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களின் கதைகளை அறிந்த முதியவர்களும் வருஷா வருஷம் குறைந்து வருகிறார்கள். நமது புதுக்கோட்டைச் சீமையிலோ, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத 'கண்டித் தாத்தா' இல்லாத கிராமம் அபூர்வம். நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் உள்ள பாத்திரங்களை இறக்கிப் பாருங்கள். அதற்கு முன்னால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியைக் கேளுங்கள். பாத்திரம் காத்திருக்கும், அவர் காத்திருக்க மாட்டார்.

வரும் ஆடியில் பாட்டி மறுபடியும் இலை போடப் போகிறார். அதற்குள் அந்த முழுப் பெயரைக் கண்டுபிடித்து அவரிடம் சொல்லவேண்டும் என்பது நமது ஆசை. பையனின் காகிதத்தை இன்னும் திருத்தாமலே வைத்திருக்கிறோம்.