வறுமையில் வளரும் இளைய உள்ளம்

வறுமை வயிற்றை மட்டுமா வாட்டுகிறது? வளரும் பிள்ளையின் மனத்தையும் அது புண்ணாக்குகிறது. சென்னைக் குடிசைப் பகுதிச் சிறுவன் சிட்டியை நாயகனாக்கி ஜெயகாந்தன் எழுதிய 'உன்னைப் போல் ஒருவன்' இதையே பேசுகிறது. 1965-இல் அவரே அதைத் திரைப்படமாக்கினார். தேசிய விருதும் பெற்றார்.

கூலி வேலை செய்யும் தாயின் வாழ்வில் இன்னொருவர் வந்ததைப் பொறுக்காமல் கொதிக்கிறான் சிட்டி. அவள் மறைந்தபின், அவள் விட்டுச்சென்ற பச்சிளங் குழந்தையை அணைத்துக்கொள்கிறான். முரடன் என்று ஊர் ஒதுக்கும் பிள்ளைக்குள்ளும் ஈரம் உண்டு.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளை அடுத்துள்ள படப்பையிலும் இத்தகைய பிள்ளைகள் இல்லாமலா போவார்கள்? அநாதையை விரட்டுவோரை அல்மாஊன் அத்தியாயம் கண்டிக்கிறது. ஸக்காத் வழங்கும் நாம், அப்பிள்ளையின் பள்ளிச் செலவோடு அவன் மனக்குறையையும் கேட்டறிவோமாக!